குளம்பைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்

இந்த இதழின் போன மாத அட்டையில், பச்சைக் கவுன் போட்டு ஒரு கறுப்புக் குதிரையின் பக்கத்தில் நான் நின்ற படமும் உள்ளே ஒரு சிறு பேட்டியும் வந்தன. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், "நீயே பதில் எழுதிவிடு" என்று பக்கத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால், எல்லாருக்கும் ஊர் மட்டும்.

அக்கா, உங்களுக்கு உண்மையிலேயே குதிரை ஓட்டத் தெரியுமா? இல்லை, படத்துக்காக நிறுத்தினார்களா?
*மாணவி, தலவாக்கலை*

தெரியும் தங்கச்சி. மொடலிங்குக்கு முன்பே எனக்குக் குதிரை வந்துவிட்டது. நானுஓயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். அம்மாவின் தம்பி, என் மாமா, நுவரெலியா பந்தயத் திடலில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ஏப்ரல் சீசன் நெருங்கினால் வீட்டுக்கே வரமாட்டார், லாயத்திலேயே படுக்கை. பள்ளிக்கூட விடுமுறையில் அவருக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோகிற வேலை எனக்கு. அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் திடல் 1875இலிருந்து இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகப் போட்ட திடல். துரை குதிரையில் போவார், குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடிப்போவார். தீனி வைத்தது, குளிப்பாட்டியது, வயிற்று நோவு வந்தால் ராத்திரி முழுக்கக் கண் விழித்தது எல்லாம் நம் ஆட்கள். ஏறி உட்காருவது மட்டும் நமக்கில்லை என்றிருந்தது. சேணத்தில் உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அதனால்தான் இதைச் சும்மா பொழுதுபோக்கு என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

மாமா என்னை உடனே ஏற விடவில்லை. முதலில் குளம்பு. குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், அதன் வால் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். தோளில் கை வைத்து, கையை எடுக்காமலே காலோடு கீழே இறக்கி, கணுவுக்கு மேல் பின்பக்கமாக லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானாகவே காலைத் தூக்கித் தரும். பிறகு இரும்புக் கொக்கியால் குதியிலிருந்து நுனிப்பக்கமாகச் சேற்றையும் கல்லையும் எடுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக, அழுத்தினால் அமுங்குகிற ஒரு பகுதி இருக்கும். அதைக் குத்திவிடக் கூடாது. அதன் இரண்டு பக்கத்துப் பள்ளத்திலும் கறுப்பாகக் களி மாதிரி வந்து, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் குளம்பு அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நுவரெலியாவில் வருடத்தில் பாதி நாள் தரை ஈரம், அதனால் இங்கே இது அடிக்கடி வரும். நாலு குளம்பையும் ஒழுங்காகப் பார்க்க வந்த பிறகுதான் மாமா அங்கவடியில் கால் வைக்க விட்டார். எனக்குக் குதிரையேற்றம் என்றால் அங்கேதான் தொடங்குகிறது.

என் மகளுக்கு 15 வயது. உங்கள் படத்தைப் பார்த்ததிலிருந்து குதிரை ஓட்டப் பழக வேண்டும் என்று நிற்கிறாள். பெண் பிள்ளை காலை அகட்டி உட்கார்ந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குக் கல்யாணத்திலும் பிரச்சினை வரும் என்று என் மாமியார் சொல்கிறார். பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், பதுளை*

அம்மா, பயப்படாதீர்கள். குதிரை ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்காது. கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பெரிய காரணங்கள் பிரசவமும், வயதும், வருடக்கணக்காகப் பாரம் தூக்குவதும்தான். அதற்காகக் கவலைப்படுவதென்றால், மழையில் நனைந்து கனக்கும் கொழுந்தைச் சுமந்து ஏற்றம் ஏறுகிற நம் அம்மாமாரைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

கல்யாணத்தில் பிரச்சினை என்று மாமியார் எதைச் சொல்கிறார் என்பதும் எனக்கு விளங்குகிறது. வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பயத்தில் எத்தனையோ பிள்ளைகளை சைக்கிள்கூட ஓட்ட விடுவதில்லை. கன்னிச் சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறப்பிலேயே ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றி யாராலும் எதையும் சொல்ல முடியாது. அந்த மாதிரிப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே இல்லை, எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மற்ற அமைப்புகளும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. மாமியாரிடம் சண்டை வேண்டாம். பக்கத்தில் உள்ள குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். அவர் சொன்னால் கேட்பார்.

உண்மையான ஆபத்து விழுவதில் இருக்கிறது. தாடைக்குக் கீழே பட்டி பூட்டிய, குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மட் இல்லாமல் மகளை ஏற விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் இதற்குச் சரிவராது. சப்பாத்தில் சின்னக் குதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள்ளே நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். முதல் நாட்களில் நீளக் கயிற்றில் குதிரையைக் கட்டி, பழக்குகிறவர் நடுவில் நின்று சுற்ற விட வேண்டும். பிள்ளையை ஏற்றிவிட்டுப் பின்னால் தட்டி அனுப்புகிறவரிடம் விடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் டொக்டர்கள் குதிரை வேண்டாம் என்பார்கள். அதுவும் விழுந்துவிடுவோம் என்ற காரணத்துக்காகத்தான்.

மகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில், ஒரே பதக்கத்துக்கு நேருக்கு நேர் நிற்பது குதிரையேற்றத்தில். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் முதல் தடவையாகப் பெண்களை அதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடமே டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர், குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் தூக்கிவிட வேண்டும். நம் நாட்டுக்கும் ஒருவர் இருக்கிறார்: இங்கே பிறந்து சுவீடனில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த மத்தில்டா கார்ல்சன். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரையில் ஏறினார்.

குதிரையிலிருந்து விழுந்திருக்கிறீர்களா?
*வாசகர், பொகவந்தலாவை*

விழுந்திருக்கிறேன். குதிரை ஓட்டுகிற எல்லாரும் விழுவார்கள். தலை அடிபட்ட ஹெல்மட் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடக் கூடாது, உள்ளே நொறுங்கியிருக்கும். புதிது வாங்குங்கள்.

உங்கள் சருமம் பளிச்சென்று இருக்கிறதே, என்ன கிரீம்? நானும் உங்கள் நிறம்தான், கொஞ்சம் வெளுக்க வழி சொல்லுங்கள்.
*வாசகி, ஹட்டன்*

வெளுக்க வழி சொல்ல மாட்டேன் தங்கச்சி. நான் கறுப்பு, கறுப்பாகவேதான் வேலை செய்கிறேன். மேக்கப் போடுகிறவர் என் நிறத்தைவிட இரண்டு படி வெளிர் பூச்சை எடுத்தால், கழுத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லி மாற்ற வைப்பேன். கடையில் லேபிள் இல்லாமல், பெயர் தெரியாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்களைத் தொடாதீர்கள். அந்த மாதிரிப் பலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் போடுவது சன் கிரீம் மட்டும். மலையில் குளிருகிறது, வெயில் சுடவில்லை என்று நினைக்கிறோம். ஆனால் 1,000 மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மலையில் வேலை செய்யும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு டியூப் வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு 19 வயது. பேஸ்புக்கில் ஒரு மொடலிங் நிறுவனம் பேசியது. பதிவுக்கும் படத் தொகுப்புக்கும் 75,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். முதல் சந்திப்புக்குத் தனியாக வர வேண்டுமாம். அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தருகிறேன் என்கிறார். கட்டலாமா?
*வாசகி, கொட்டகலை*

கட்டாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். அம்மாவின் சீட்டுக் காசு அம்மாவிடமே இருக்கட்டும்.

ஒழுங்கான நிறுவனம் உங்களுக்கு வேலை எடுத்துக் கொடுத்து, வருகிற சம்பளத்தில் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். வேலை வருவதற்கு முன்னாலேயே காசு கேட்கிறவரிடம் அநேகமாக வேலை இருக்காது. ஆரம்பத்துக்குப் பெரிய படத் தொகுப்பும் தேவையில்லை. மேக்கப் இல்லாமல், முடியைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்த படங்கள் போதும்: முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று. உயரத்தையும் வயதையும் உண்மையாக எழுதுங்கள்.

வேலை கிடைத்தால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம், எந்தத் திகதிக்குள் தருவார்கள், படத்தை எங்கே எத்தனை வருடத்துக்குப் பயன்படுத்துவார்கள், என்ன உடை, ராத்திரியானால் திரும்பி வர வாகனம் யாருடைய செலவு. ஒரு நகை விளம்பரத்துக்கு எனக்கு வர வேண்டிய காசு பல மாதம் வரவில்லை. கையில் கடிதம் இருந்ததால்தான் கடைசியில் வாங்க முடிந்தது. கூட ஆள் வரக் கூடாது என்று எந்த இடத்தில் சொன்னாலும் அந்த இடம் வேண்டாம். உள்ளாடையோடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்பு, உடம்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அப்போதே பிளாக் பண்ணுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டு, இப்போது மிரட்டுகிறார்கள் என்றால் தப்பு உங்களுடையது இல்லை. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், மிரட்டிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள்.

படித்த பிள்ளை நீங்கள். தோட்டத்துப் பெண்கள் என்றாலே இளக்காரமாகப் பேசும் உலகத்தில், தோள் தெரிய உடுத்திப் படம் எடுப்பது நம் சமூகத்துக்கு அவமானம் இல்லையா?
*வாசகர், கண்டி*

இல்லை அண்ணா. இளக்காரமாகப் பேசுகிறவர்கள் என் தோளைப் பார்த்துத் தொடங்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டும் இடுப்பில் படங்கும் கட்டி வேலைக்குப் போன என் அம்மாவையே அவர்கள் பஸ்ஸில் வைத்துத் தோட்டக்காட்டு ஆள் என்றார்கள். அவர்களுக்காக நான் எதைப் போர்த்திக்கொண்டாலும் போதாது.

என்ன உடை, எந்தப் படம் வெளியே போகலாம் என்பதை நான் முடிவு செய்கிறேன். பிடிக்காத வேலையை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கூரைத் தகரம் மாறியது, தம்பி உயர்தரம் படிக்கிறான். அம்மா அந்த இதழைக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோய், கொழுந்து நிறுக்க நின்ற எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். எனக்கு அது போதும்.

எங்கள் நெடுந்தீவுக் குதிரைகளும் உங்கள் நுவரெலியாக் குதிரைகளும் ஒரே வகையா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

இல்லை. உங்களுடையவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழி, பல தலைமுறையாக யாரும் கட்டாமல் வெளியில் வாழ்பவை. குறிகட்டுவானிலிருந்து படகு ஏறிப் போய்ப் பார்த்தேன். வறட்சியில் தண்ணீருக்கு அவை படும் பாடு கொடுமை. எங்கள் ஊரில் தெருவோரம் மேய்பவை பெரும்பாலும் பந்தயத்துக்கும் சவாரிக்கும் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கைவிட்டவையும் அவற்றின் குட்டிகளும். இரண்டு கூட்டத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நான் கல்யாணப் படப்பிடிப்பாளர். மணப்பெண்ணைக் குதிரையில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், வெலிமடை*

கேட்டதற்கே உங்களுக்கு நன்றி அண்ணா. கேட்காமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றி எல்லாம் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னால் மிகக் கிட்டவும்தான் தெரியாது. சேலை முந்தானை விரிந்து கிடக்கும் படம் வேண்டும் என்று கெமராவோடு பின்னால் போய்க் குந்தாதீர்கள், உதை வாங்குவீர்கள். காது முன்னால் திரும்பியிருந்தால் குதிரை நிம்மதியாக, கவனமாக இருக்கிறது. பிடரியோடு ஒட்டப் பின்னால் மடக்கினால் உடனே நிறுத்துங்கள்.

பட்டுச் சேலை சரசரக்கும், காற்றில் பறக்கும். ஏறுவதற்கு முன் அந்தச் சேலையைக் குதிரை மோந்து பார்க்க விடுங்கள், முந்தானையை நன்றாகக் குத்திவிடுங்கள். வளையல், கொலுசுச் சத்தத்தையும் முதலே கேட்டுப் பழகட்டும். டிரோனைத் தூரத்தில் கிளப்புங்கள். புகை இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் குதிரையின் முகத்துக்கு நேரே புகை அடித்தார்கள். நான் மேலே உட்கார்ந்திருந்தேன், அதன் முதுகுத் தோல் முழுக்க நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. இரண்டு நிமிடம்தான் என்றார்கள். நான் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றேன். அன்றைய வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் நின்றேன்.

மாலை விஷயம் முக்கியம். குதிரை மாலையைத் தின்னப் பார்க்கும். அதில் அரளி இருந்தால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அரளி கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குதிரை செத்துவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, போனது போனதுதான்.

பாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறுகிற ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. மாப்பிள்ளையையும் பொண்ணையும் சேர்த்து ஏற்றும் பேச்சே வேண்டாம். சாதாரணச் சேணத்தில் ஒரு பக்கமாக உட்கார வைப்பதும் ஆபத்து. அப்படி உட்காரக் கால் பிடிமானத்தோடு தனிச் சேணம் இருக்கிறது, நம் ஊரில் வாடகைக்குக் கிடைப்பது அது இல்லை. சேலைக்குள்ளே சுடிதார்க் காற்சட்டை போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும், குதிரைக்காரர் எப்போதும் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். என்னைக் கேட்டால், மணப்பெண் பக்கத்தில் நின்று கழுத்தில் கை வைத்திருக்கிற படம் இன்னும் அழகு. என் அட்டைப்படமும் அப்படி எடுத்ததுதானே.

அக்கா, என் அப்பா கிரகரி வாவிக்கரையில் மட்டக்குதிரை வைத்துச் சவாரி விடுகிறார். களைத்த குதிரையில் ஏறாதீர்கள் என்று நீங்கள் பேட்டியில் சொன்னதால் ஆட்கள் குறைந்தால் எங்கள் சாப்பாட்டுக்கு என்ன வழி? அத்தோடு எங்கள் குதிரை ஒன்று முன் வலது காலை ஊன்றத் தயங்குகிறது. என்ன செய்யலாம்?
*மாணவன், நுவரெலியா*

தம்பி, உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், குதிரைக்கும் வயிறு நிறைய வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும்.

முதலில் சீசனுக்கு நுவரெலியா வருகிற வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாவிக்கரையில் குதிரைக்காரரிடம் விலை பேசிக் குறைக்காதீர்கள். நீங்கள் குறைத்த காசை ஈடுகட்ட அந்தக் குதிரை இன்னொரு சுற்றுப் போக வேண்டும். காசு கொடுக்குமுன் குளம்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். சேணத்தின் வயிற்றுப் பட்டிக்குக் கீழே புண் இருக்கிறதா என்று பாருங்கள். காலையிலிருந்து எத்தனை சுற்று, எப்போது தண்ணீர் குடித்தது என்று கேளுங்கள். நன்றாக வைத்திருப்பவர் சந்தோஷமாகக் காட்டுவார், அவருக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். பெரிய ஆட்கள் ஏறாமல் பிள்ளைகளை மட்டும் ஏற்றுங்கள். பாண், பொப்கோர்ன் எல்லாம் ஊட்டாதீர்கள். ஆசையாக இருந்தால் நம் ஊர்க் கரட்டை வாங்கி, வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் வெட்டி, உள்ளங்கையை விரித்துக் கொடுங்கள். வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும்.

இனி உன் குதிரை. அதை இன்றைக்கே சவாரியிலிருந்து நிறுத்தச் சொல். குளம்பைச் சுத்தம் செய்து கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார். இரண்டு முன் குளம்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார், ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் கட்டாந்தரையில் மெதுவாக ஓட விட்டுப் பார்: நோகிற முன்கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். ஆணி ஏறியிருந்தால் நீ பிடுங்காதே. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் போயிருக்கிறது என்று வைத்தியர் பார்க்க வேண்டும், ஏற்பு ஊசியும் போட வேண்டி வரும். வெறும் அழுகலாக இருந்தால், காய்ந்த இடத்தில் நிற்க வைத்து, நாளும் சுத்தம் செய்து மருந்து போட்டால் ஆறிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பை வெட்டிச் சீர்ப்படுத்துகிறீர்களா என்று அப்பாவிடம் கேள். அதைத் தள்ளிப்போட்டால் இந்தத் தொந்தரவு திரும்பத் திரும்ப வரும்.

நாளைக்குக் காலையில் அப்பாவோடு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் நான் வீட்டுக்கு வரும்போது மாமாவையும் அழைத்துக்கொண்டு வாவிக்கரைக்கு வருகிறேன். குளம்பு வெட்டுவதை உனக்கு அவர் சொல்லித்தருவார்.